வலி எங்கே என்று கேட்டவர்கள்

வீரம்மாளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜனங்கள் அவளிடம் கேட்ட கேள்விகளில் பாதி அவளுடைய உடம்பைப் பற்றியவை. பசிக்கிறதா? தூக்கம் வருகிறதா? எங்கே வலிக்கிறது? ஒன்றுக்குப் போக வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. “தெரியல.” பிடிவாதம் என்றார்கள். கொழுப்பு என்றார்கள். அவள் சத்தியமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் வயிறு பசிக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று ஆயர் தாவார் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த பாம்புக்காட்டு ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் பசித்தால் அழும். வீரம்மா அழமாட்டாள். சோறு வைத்தால் தட்டு காலியாகும்வரை தின்பாள். இன்னும் வைத்தால் அதையும் தின்பாள். பிறகு வாந்தி எடுப்பாள். வைக்க மறந்துவிட்டால் பொழுது சாயும்வரை ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, திடீரென்று எதற்கென்றே தெரியாமல் கத்திக்கொண்டு தரையில் புரளுவாள். பாவாடை நனைந்து நிற்கும்போது, யாரோ தண்ணீரை ஊற்றிவிட்டுப் போன மாதிரி குனிந்து பார்ப்பாள். ஒருமுறை லயத்து வீட்டு வரிசைக் கால்வாயில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு நாள்கணக்கில் நடந்து திரிந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள்.

இதே பிள்ளை, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள். தகரக்கூரையில் மழை விழுந்தால் அலறினாள். சட்டையைத் திருப்பித்தான் போட்டுக்கொண்டாள், தையல் குத்துகிறதாம். யாராவது பாசமாகத் தலையைத் தடவினால் தட்டிவிட்டு ஓடினாள்.

அம்மா கருப்பம்மாளுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போய்விடும். புருஷனைச் சின்ன வயதிலேயே புதைத்துவிட்டுப் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவள் அவள்.

“மணிச் சத்தம் ஒனக்கு வலிக்குது, தையலு குத்துது. காலு ஒடஞ்சது மட்டும் வலிக்கலயா? யாருகிட்டடி நடிக்கிற?”

“தெரியலம்மா.”

பளாரென்று ஒன்று விழும். தோட்டத்துப் பிள்ளைகள் அவளுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். “ஏய் தெரியல, வெளையாட வாரியா?” என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்றைக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆட்டிசம் என்கிறார்கள். வெளியிலிருந்து வருவதெல்லாம் அளவுக்கு மீறிக் கேட்கும், தன் உடம்புக்குள்ளிருந்து வருவது கேட்காது, கேட்டாலும் தாமதமாகக் கேட்கும், சிலருக்கு அப்படி இருக்கும் என்று விளக்கம் சொல்கிறார்கள். நல்லது. அறுபதுகளில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இதைச் சொல்ல யார் இருந்தார்கள்? அங்கே நோய்நொடி என்றால் டிரஸ்ஸர் குலசிங்கம் ஐயா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கைச்சுத்தமானவர், நேரம் தவறாதவர். வேலைக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று புளுகுகிறவர்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து அவருக்கு மனிதர்கள்மேலேயே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. வலிக்கிறது என்று கதறுகிறவனையே நம்பாதவர், தெரியல என்கிறவளை என்ன செய்வார்? காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, “வாயைத் திறந்து சொன்னால்தானே மருந்து” என்று அவளுக்கும் ஒரு திட்டு வைத்து அனுப்பினார்.

பள்ளிக்கூடம் வீரம்மாளுக்கு ஒட்டவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் அம்மாவோடு மரம் வெட்டப் போனாள். அது ஒட்டிக்கொண்டது. தினமும் ஒரே நிரை, அதே மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் ஒரே பக்கம் பார்த்த, பால் வடிகிற மங்கு. மரம் எதையும் கேட்காது. யார்மீதும் எரிச்சல் இல்லாமல் அவள் இருந்த காலம் என்றால் அந்தச் சில வருஷங்கள்தான். அதையும் ஓர் ஆடித் திருவிழா வந்து கெடுத்தது.

எழுபத்தொன்றாம் வருஷம். மாரியம்மன் கோவிலுக்குத் தீச்சட்டி ஏந்தி வந்த பெண்களில் ராக்காயி என்பவளுக்குக் கை வழுக்கி, சட்டி கோவில் வாசலில் சரிந்து நெருப்பு சிதறியது. அபசகுனம் என்று ஒரே கூச்சல். உறுமி அடித்தவர்கள் பதறிப்போய் இன்னும் வேகமாக அடிக்க ஆரம்பித்தார்கள். வீரம்மாளுக்கு அந்தச் சத்தம் தலைக்குள் ஆணி இறக்கியது. சட்டி கீழே கிடப்பதால்தான் இந்தச் சத்தம், எடுத்து வைத்துவிட்டால் நின்றுவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வெறுங்கையால் கங்குகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நடந்து அம்மன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

சத்தம் நின்றது உண்மைதான். பூசாரி மாயாண்டி அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தடாலென்று காலில் விழுந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். அதுவரை ‘தெரியல’ என்று கூப்பிட்ட வாயெல்லாம் ‘ஆத்தா’ என்றது.

வலி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அவள் உடம்பின் வழக்கம் அது. சேதி தாமதமாக வரும், வந்தால் மொத்தமாக வரும். வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு ஊளையிட்டு அழுதாள். கருப்பம்மாள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற ஆத்தாவைத் தோட்டத்துக்குக் காட்ட முடியுமா? மாயாண்டி வந்து திருநீற்றை அள்ளிப் பூசி, “ஆத்தா எறங்கிப் போன அசதி, வேற ஒன்னுமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் முதல் தீச்சட்டி அவளுக்குத்தான். மற்றப் பெண்களுக்குச் சட்டியின் அடியில் வேப்பிலையைத் தடியாக மடித்து வைப்பார்கள், சூடு தாக்காமல் இருக்க. வீரம்மாளுக்கு அதையும் உருவிவிட்டார்கள். ஆத்தாளுக்கு எதற்கு வேப்பிலை?

“அம்மா, இந்த வருசம் சட்டி வேணாம். சுடுது.”

“தூக்கும்போது சுடுதா?”

“இல்ல. அப்புறமா.”

“அப்புறமா சுட்டா அது சூடே இல்லடி.”

இப்படிப் பேசுகிறவளிடம் என்னவென்று வழக்காடுவது? வீரம்மாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கருப்பம்மாளையும் முழுக்கக் குற்றம் சொல்லிவிட முடியாது. மந்தத்தைப் பெற்றவள் என்று தண்ணீர்க் குழாயடியில் பின்னுக்குத் தள்ளப்பட்டவளுக்கு இப்போது ஆத்தாளைப் பெற்றவள் என்று வழி விட்டார்கள். வாழ்க்கையில் அவள் பார்த்த ஒரே மரியாதை அது. மகளின் தோல் வெந்துதான் அது வருகிறது என்பதைப் பார்க்காமலிருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுபத்தேழில் வீரம்மாளைச் சதாசிவத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரியில் அவனுக்கு வேலை. குனோங் ராபாட்டில் வாடகை வீடு. தோட்டத்தை விட்டு வந்ததால் சட்டி தூக்குவதும் நின்றது. வீரம்மாளுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே கல்யாணம் பிடித்திருந்தது. சதாசிவம் நல்லவன், கலகலப்பானவன். ஆனால் எதற்கும் உடனே பதில் வேண்டும் அவனுக்கு.

“சாப்ட்டியா? பசிக்குதா? ஏன் மொறைச்சிக்கிட்டு நிக்கிற? ஒடம்புக்கு முடியலயா? சொன்னாத்தான தெரியும்லா!”

அவளுக்கே தெரிந்தால்தானே அவனுக்குச் சொல்வதற்கு? ஏதாவது விசேஷம் உண்டா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் விசாரித்தபோதும் அவள் “தெரியல” என்றே சொல்லிவைக்க, அந்த வரிசையே சிரித்துத் தீர்த்தது.

சதாசிவத்திடம் ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் செத்துப்போன வண்டி. அதை அவன் ஒருநாளும் திட்டியதில்லை. காலியோ இல்லையோ, வாரத்தில் குறித்த கிழமைகளில் போய் ஊற்றிக்கொண்டு வருவான்.

“முள்ளு செத்தா என்னா, இஞ்சின் நல்ல இஞ்சின்லா. நேரத்துக்கு ஊத்திக்கிட்டே இருந்தா அதுபாட்டுக்கு ஓடும்” என்றான் ஒருநாள், வண்டியைத் துடைத்துக்கொண்டே.

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது. “எனக்கும் முள்ளு செத்துப்போச்சு. என்னை மட்டும் ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?” என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பேக்டரியில் கூட்டாளிகளிடமும் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தன் உடம்பைக் கவனிப்பதையும் வீட்டு வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள். ரேடியோவில் மத்தியானத் தமிழ்ச் செய்தி வந்தால் சோறு. பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு கேட்டால் தண்ணீர், பிறகு கக்கூஸ். பசிக்கிறதா என்று யோசிப்பதையே விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். காரணமில்லாமல் கோபம் வந்தால், குழாய் சொட்டுகிற சத்தமும் புருஷன் மெல்லுகிற சத்தமும் தாங்க முடியாமல் போனால், உடம்பில் எதற்கோ குறை என்று அர்த்தம். என்ன குறை என்பது தெரியாது. அதனால் வரிசையாகச் செய்து பார்ப்பாள். சாப்பிடுவாள். தண்ணீர் குடிப்பாள். கக்கூஸ் போவாள். குளிப்பாள். படுப்பாள். ஏதாவது ஒன்றில் கோபம் தணியும். எதில் தணிந்ததோ அதுதான் குறை. இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சதாசிவத்தை உட்காரவைத்து விளக்கிச் சொன்னாள்.

“ஒன்னோட ரொம்ப சூசாலா, ஒரே தொல்ல” என்று சலித்துக்கொண்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

எண்பத்து மூன்றில் பாம்புக்காட்டுத் தோட்டம் விலைக்கு வந்தது. பால்மரங்களை அழித்துச் செம்பனை போடப்போகிறார்கள், லயங்களை இடித்துவிடுவார்கள் என்று பேச்சு. வேலை போனால் வீடும் போகும், எங்கே போவது? அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு முன்னால் மாயாண்டியும் கருப்பம்மாளும் பஸ் பிடித்துக் குனோங் ராபாட் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாயாண்டி உட்காராமல் கைகட்டி நின்றான். “தாயீ, இந்த வருசம் நீ வந்து சட்டி எடுக்கணும். தோட்டம் நிக்குமா போவுமான்னு ஆத்தாதான் வாக்குச் சொல்லணும்.”

“மாட்டேன். கை வெந்துபோவும். எனக்கு வாக்கெல்லாம் தெரியாது.”

சதாசிவம் குறுக்கே விழுந்தான். “ஊரே வந்து கேக்குது. ஒரு வாரந்தான? போயிட்டு வா. எனக்கு லீவு கெடைக்காது, முடிஞ்சதும் வந்து கூட்டியாரேன்.” ஆத்தாளின் புருஷன் என்பதில் அவனுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமை. அதற்குமேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள் கருப்பம்மாள்.

தோட்டத்தில் கால் வைத்த அன்றே மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்து அவள் மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அவளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே ஆகாது. அதோடு விரதம், ஒருவேளைச் சாப்பாடு. வீரம்மா வருஷக்கணக்காகப் பாடுபட்டு ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு அத்தனையும் அந்த ஒரு கயிற்றில் போயிற்று. செய்தி நேரத்துக்குச் சோறு இல்லை, பள்ளிவாசல் சத்தம் இல்லை. நாள்பூராவும் உறுமி அடித்துப் பழகுகிற சத்தம் வேறு.

மூன்றாம் நாள் காலையில் கோபம் வந்தது. அம்மாவின் வளையல் சத்தம் ஆகவில்லை. அடுப்புப் புகை ஆகவில்லை. ராக்காயி வந்து ஆசையாகக் காலைத் தொட்டபோது உதைத்துவிடலாம் போலிருந்தது. சரி, உடம்பு எதையோ சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. தன் வரிசைப்படி ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தாள், அடங்கவில்லை. கக்கூஸ் போனாள், குளித்தாள், படுத்தாள். விரதத்தை மீறி இரண்டு வாழைப்பழம் தின்று பார்த்தாள். உடனே வாந்தி வந்தது. கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. இது தன் வரிசையில் இல்லாத ஏதோ ஒன்று. அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

குலசிங்கம் ஐயாவிடம் போனாள். வேலையை விட்டு ஓய்வெடுக்கப்போகிற வயது அவருக்கு.

“எங்கை பிள்ளை நோகுது?”

“தெரியலங்க ஐயா.”

“தலையோ? வயிறோ?”

“தெரியல. ஆனா என்னமோ இருக்கு. கோவம் அடங்கவே மாட்டேங்குது.”

“கோவத்துக்கு நான் என்ன மருந்து தாறது?” என்று அவர் சிரித்தார். வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். “கொஞ்சம் காய்ச்சல் காயுது. விரதம் எண்டால் அப்பிடித்தான்.” மாத்திரையை மடித்துக் கொடுத்தார். அவள் அதே இடத்தில் நின்றாள். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய மருந்து இருந்தது. ஒன்றையாவது வாங்கிக்கொள்ள ஒரு சொல் வேண்டும், அந்தச் சொல் அவளிடம் இல்லை. மாத்திரையைக் கசக்கிக் கால்வாயில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“அம்மா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ.”

“எங்க வலிக்குது?”

“அதத்தான் அவங்க பாக்கணும்!”

“காப்புக் கட்டிக்கிட்டு எல்லையத் தாண்டுறதா? வெளங்குமாடி? எங்க வலிக்குதுன்னு சொல்லு, ஐயாகிட்ட மருந்து வாங்கியாரேன்.”

வீரம்மா மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினாள். செம்மண் சடக்கில் நடந்தாள். வலது பக்கம் உடம்பு கோணிக்கொண்டு போவது அவளுக்குத் தெரியவில்லை. பார்த்தவர்களுக்கும் அது உறைக்கவில்லை. பஸ் நிற்கிற முச்சந்திக்குக் கூப்பிடு தூரம் இருக்கும்போது ஆட்கள் ஓடிவந்து வழியை மறித்தார்கள். மறித்தவர்கள் திட்டவில்லை, இழுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார்கள்.

“ஆத்தா கோவிச்சுக்கிட்டுப் போறாளே!” என்று மாயாண்டி அலறினான். “எங்கள விட்டுட்டுப் போவாத தாயே!”

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வழிய விடுங்க.”

“எங்க மேல என்ன குத்தம் தாயே? சொல்லு, செஞ்சிடறோம்.”

“குத்தம் ஒன்னுமில்ல. எனக்கு ஒடம்பு சரியில்ல!”

“பாத்தீங்களா, ஆத்தாளுக்கு மனசு சரியில்ல” என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் உறுமியை அடித்துக்கொண்டு ஊர்வலமாகத் திருப்பி அழைத்துப் போனார்கள். பஸ் முச்சந்தியில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போவது அவளுக்குக் கேட்டது. வீரம்மா காதைப் பொத்திக்கொண்டு வாய்விட்டுக் கத்தினாள். அதற்கும் ஒரு குலவை போட்டார்கள்.

திருவிழா அன்று வெயில் சாய்கிற நேரம். ஓடைக்கரையிலிருந்து தீச்சட்டிகள் புறப்பட்டன. குளிக்கவைத்து, மஞ்சள் புடவை சுற்றி, வீரம்மாளின் கையில் முதல் சட்டியை வைத்தார்கள். வேப்பிலை இல்லை. குலசிங்கம் ஐயாகூடக் குடும்பத்தோடு காரில் வந்து கோவில் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீரம்மா நடந்தாள். அவளுக்குக் கை சுடுவது தெரியவில்லை. உறுமி மட்டும் தெரிந்தது. கோவிலைச் சுற்றி வரும்போது அவளுடைய அடிவயிற்றில் ஏதோ பிய்ந்தது. அதுவரை நாள்கணக்காக எங்கேயோ தங்கியிருந்த சேதி அத்தனையும் ஒரே அடியாக வந்து இறங்கியது. உறுமிச் சத்தம் காணாமல் போகிற அளவுக்கு வலி.

அவள் சட்டியைப் போட்டு உடைக்கவில்லை. குனிந்து தரையில் நேராக வைத்தாள். பிறகு பக்கத்திலேயே மடங்கி விழுந்தாள்.

எல்லாச் சத்தமும் நின்றது. மாயாண்டி உடுக்கையோடு மண்டியிட்டான். மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். தோட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சொல்லு தாயே. வாக்குச் சொல்லு.”

“வலிக்குது” என்றாள் வீரம்மா.

கூட்டத்தில் பெரிய விம்மல் ஒன்று எழுந்தது. மாயாண்டியின் கண் கலங்கிவிட்டது.

“யாருக்குத் தாயே வலிக்குது?”

“எனக்கு.”

“ஆத்தாளுக்கு வலிக்குதாம்!” என்று அவன் எழுந்து நின்று கூவினான். “தோட்டத்த விக்கிறது ஆத்தாளுக்கு வலிக்குதாம்!”

“எனக்குடா!” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “எனக்கு! வீரம்மாளுக்கு!” உறுமி மறுபடி ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக எங்கே, எங்கே என்று கேட்டே கொன்றார்கள். இன்றைக்குத்தான் அவளுக்குப் பதில் தெரிந்தது, இன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வயிற்றெரிச்சலில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அம்மா தலைமாட்டில் கும்பிட்டபடி நின்றிருந்தாள். வீரம்மா எட்டி அவள் கையைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து யார் தொட்டாலும் தட்டிவிடுகிறவள், அந்தக் கையை இழுத்துத் தன் அடிவயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள்.

கருப்பம்மாள் கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்கவில்லை. விரல்களை விரித்து இங்கும் அங்கும் அமுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“கல்லு மாதிரி இருக்கு” என்றாள் மெதுவாக. பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். “நிறுத்துங்கடா மேளத்த! வயிறு கல்லு மாதிரி இருக்குடா என் மவளுக்கு! நெருப்பாக் கொதிக்குது!”

“கருப்பம்மா, ஆத்தா எறங்கியிருக்கா, தொடாத” என்று மாயாண்டி தடுத்தான்.

“ஆத்தாளுமில்ல, ஒன்னுமில்ல. இது நான் பெத்தது.” அவள் மகளின் மணிக்கட்டைத் தூக்கிக் காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். கூட்டமே ஐயோ என்றது. “குத்தம் வந்தா எனக்கு வரட்டும். ஐயா, காடிய எடுங்க!”

குலசிங்கம் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, முதல்முறையாக அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்தார்கள். பிழைத்தது பெரிய காரியம். தோட்டம் எப்படியும் விற்கப்பட்டது. அம்மன் வலிக்குது என்றதையும், கருப்பம்மாள் காப்பை அறுத்ததால்தான் அம்மன் சொல் பலிக்காமல் போனதையும் ஜனங்கள் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாயடி மரியாதையெல்லாம் கருப்பம்மாளுக்கு அன்றோடு சரி.

சதாசிவம் ஹோண்டாவில் பறந்து வந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுவிட்டு, “ஏன்லா மொதல்லயே சொல்லல?” என்று கேட்டான். கையில் ஏதாவது இருந்திருந்தால் வீரம்மா அவன் தலையைக் குறிபார்த்து எறிந்திருப்பாள். இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருந்ததால் தப்பித்தான்.

கஞ்சி குடிக்கலாம் என்று உத்தரவு கொடுத்த காலையில் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். தமிழர், அவசரக்காரர். எழுதிக்கொண்டே கேட்டார். “வலி எப்படி இருக்கு? கொறஞ்சிருக்கா, அதே மாதிரி இருக்கா?”

வீரம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“தெரியல.”

“நேத்தைக்கு இன்னைக்கு எப்படின்னு கூடவா சொல்ல முடியாது? சரியாச் சொல்லுங்க.”

கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த கருப்பம்மாள் விருட்டென்று எழுந்தாள். வீரம்மா பழக்கத்தில் கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தெரியலன்னு சொல்றாள்ல?” என்று கருப்பம்மாள் டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். “தெரியலன்னா தெரியல. நடிக்கல, ஒன்னுமில்ல. அவகிட்ட கேக்காதீங்க. வாங்க, வந்து தொட்டுப் பாருங்க.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். அவர் போன பிறகு வீரம்மாளுக்கு அழுகை வந்தது. நிற்காமல் வந்தது. அது சந்தோஷமா, ஆத்திரமா, பசியா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கருப்பம்மாள் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து ஊதி, மகளின் வாயருகே கொண்டுபோனாள்.